சதுரங்கக் காய்களிற் கைவண்ணம்

சதுரங்கம் ஆடுதற்குக் காய்கள் மரத்தால் அமைந்திருத்தல் வேண்டும் என்னும் விதி யாண்டும் இல்லை. தாளிற் கீறிய 64 கட்டங்களின் மேல் எழுத்துப் பொறித்த அட்டைத் துண்டுகளை வைத்தும் ஆடலாம். பலகையையும் காயையும் காணாது மனத்தகத்தே நிறுத்தி ஆட வல்லாரும் உளர். ஆட்டத்தின் நுட்பம் காய் எப்பொருளால் ஆயது என்பதிலே தங்கியிருக்கவில்லை. அங்ஙனமாகவும், அச்சில் வார்த்தெடுத்த பிளாஸ்டிக் காய்கள் மலிந்துவிட்ட இக்காலத்திலும், கையாற் செய்த மரக்காய்களைத் தேடிப் பொருள் செலவிடுவோர் இருந்தே வருகின்றனர். இவ்விருப்பம் வெறும் பகட்டா, அன்றி அதற்குத் தக்கதொரு காரணம் உண்டா என்பது ஆராய்தற்குரியது. காரணம் இன்னதெனத் தெளிந்தாலன்றி, நல்லதைத் தேர்ந்து கொள்ளும் வழியும் தெளிவுபடாது.

இவ்வாராய்ச்சிக்கு மலையகம் பொருத்தமற்ற இடம் அன்று. தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவை நோக்கி ஏறும் புகையிரதம் தரித்துச் செல்லும் வட்டகொடையையே எடுத்துக்கொள்ளலாம். கடல்மட்டத்தினின்றும் நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட அவ்வூரைச் சூழ்ந்த தோட்டங்களிலே 'கையாற் செய்தது' என்னும் சொல்லின் நிறையை எவருக்கும் விளக்கிக் கூற வேண்டியதில்லை. இரண்டிலையும் ஒரு குருத்துமாகக் கொழுந்தைக் கையாற் கொய்வது இலங்கைத் தேயிலையின் சிறப்புகளுள் ஒன்றாக உலகச் சந்தையிற் பேசப்படுகின்றது. கொய்த கை யாருடையது என்பதோ பொதியின் மேல் எழுதப்படுவதில்லை. கைவேலை என்று விலை கூறப்படும் வேறொரு பொருளை இவ்வூரவர் காணும்பொழுது, அக்கை எவ்விடத்தில் வேலை செய்தது, எவ்வளவு செய்தது என்று கேட்பது இயல்பே. சதுரங்கக் காய்களைத் திறனாய்தற்கு அதனினும் நல்ல கேள்வி கிடைத்தல் அரிது.

காய்களின் வடிவ வரலாற்றை நோக்குமிடத்து, அது இரு போக்குகளுக்கிடையே நிகழ்ந்த இழுபறியாகத் தோன்றும். ஒன்று, படையை உள்ளவாறே உருவாக்கிக் காட்ட விரும்புவது. மற்றது, குறிப்பினால் உணர்த்துவது. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகை உறுப்பையே சதுரங்கம் என்னும் பெயர் சுட்டுகின்றது. இந்தியாவிலே தோன்றிப் பாரசீகம் சென்று, அராபியர் வழியாக ஐரோப்பாவை அடைந்த இவ்வாட்டம், இடைவழியிலே உருவங்களைப் பெரிதும் உதிர்த்துவிட்டது. நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அரும்பொருளகத்திலே நிஷாப்பூரைச் சார்ந்த 12ஆம் நூற்றாண்டுத் தொகுதியொன்று இருக்கின்றது. அதிலுள்ள யானைக்குத் தும்பிக்கையும் இல்லை, காதும் இல்லை. கொம்புகளைக் குறிக்கும் இரு புடைப்புகளே உண்டு. அப்புடைப்புகளின் பொருளை அறியாத மேனாட்டார், அவற்றைக் கிறிஸ்தவ சமயத் தலைவர் அணியும் பிளவுபட்ட முடியாகக் கொண்டனர் என்றும், பிரெஞ்சு நாட்டார் கோமாளியின் குல்லாயாகக் கொண்டனர் என்றும் ஆய்வாளர் கூறுவர். இன்று அக்காயின் தலையிலே சரிவாக இடப்படும் ஒற்றை வெட்டைப் பார்ப்போர் எவருக்கும் யானையின் கொம்பு நினைவுக்கு வருவதில்லை. தமிழர் அதனை மந்திரி என்கின்றனர்; மூலையில் நிற்கும் கோட்டையை யானை என்பாரும் உளர். யானை தன் உருவை இழந்ததன்றி, தன் பெயரையும் மூலைவீட்டுக்கு விட்டுக்கொடுத்த கதை இது.

இழந்த உருவங்களை மீட்டுத் தந்தவர் போலத் தோன்றுவோர் வங்காளத்துப் பெர்ஹாம்பூர்த் தந்தச் சிற்பிகள். 'ஜோன் கொம்பனி' என்று சேகரிப்போர் அழைக்கும் அவர்தம் தொகுதிகளிலே, ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கும்பனியின் படையும், மறுபக்கம் இந்திய அரசர் ஒருவரின் படையும் அணிவகுத்து நிற்கும். அரசன் அம்பாரி மேல் வீற்றிருப்பான். பாகனின் கையிலுள்ள அங்குசமும் கண்ணுக்குத் தெரியும். சிற்பத் தொழிலின் நுட்பத்திலே அவற்றுக்குக் குறை கூறுதல் இயலாது. ஆயினும் ஆட உட்கார்ந்தவனுக்கு அவை பெருந் துன்பம் தருவன. எந்த யானை அரசன், எந்த யானை மந்திரி என்று தேர்ந்தறிவதற்குள் சூழ்ச்சி மறந்துபோகும். விரல் பட்டால் குடை ஒடியும். அவை ஆடுவார்க்கென்று செய்யப்பட்டவை அல்ல என்பதே உண்மை. நாட்டை வென்ற கும்பனி உத்தியோகத்தர் அவ்வெற்றியைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துத் தாயகம் கொண்டு செல்லுதற்கென்று செய்யப்பட்டவை. இந்தியச் சிற்பியின் உளியைக் கொண்டே இந்தியப் படையைத் தோற்கும் பக்கமாக நிறுத்தி மகிழ்ந்த அவ்விருப்பத்தின் மிச்சமே, சுற்றுலாத் தலங்களின் அன்பளிப்புக் கடைகளிலே இன்று மரத்தாற் செய்து விற்கப்படும் உருவக் காய்களிலும் காணப்படுகின்றது. யானையும் ஒட்டகமுமாக நிற்கும் அவற்றை வாங்கிச் செல்வோர் வீட்டு அலுமாரியில் வைப்பர். ஆடுவோர் ஒருமுறை ஆடிப் பார்த்து விட்டுவிடுவர். பழைய உருவம் மீண்டுவிட்டது என்று தமிழ் வாசகர் இவற்றைக் கொண்டாடுதற்கு இடமில்லை.

இவ்விழுபறிக்கு ஒரு தீர்வு கண்டது 1849ஆம் ஆண்டு இலண்டனிலே பதிவு செய்யப்பட்ட வடிவம். ஆட்டக்காரர் பலர் பல நாட்டினின்றும் வந்து கூடும் காலம் பிறந்துவிட்டமையால், எவரும் கண்டவுடன் அறியத்தக்க காய்கள் வேண்டியிருந்தன. அரசனுக்குச் சிலுவை, இராணிக்கு முடி, மந்திரிக்கு வெட்டு, கோட்டைக்கு மதில், குதிரைக்குத் தலை என்று ஒவ்வொரு காய்க்கும் ஓர் அடையாளமே கொடுத்து, அதனைக் காயின் உச்சியிலே வைத்து, அடியை அகலமாக்கி விட்டனர். மேலிருந்து நோக்கும் ஆட்டக்காரனுக்கு வேண்டியது அவ்வளவே. பாரசீகத்தாரின் குறிப்பையும் சிற்பியின் உருவத்தையும் இணைத்த இவ்வடிவம் உலகெங்கும் பரவியதில் வியப்பில்லை. 1924இல் தோன்றிய உலகச் சதுரங்கச் சம்மேளனமும் போட்டிகளுக்கு இதனையே விதித்திருக்கின்றது.

இவ்வடிவத்துக்கு ஸ்டான்டன் என்று பெயர். ஹவார்ட் ஸ்டான்டன் 1843இல் பாரிஸிலே செயின்ட் அமான்டை வென்று புகழ் பெற்ற ஆட்டக்காரர். காய் கடைந்தவர் அல்லர், வடிவத்தை வரைந்தவரும் அல்லர். வடிவத்தைத் தம் பெயரிற் பதிந்தவர் நதானியேல் குக். செய்து விற்றது ஜேக்ஸ் நிறுவனம். உண்மையில் வடிவத்தை எண்ணியவர் குக்கா, ஜேக்ஸா என்பது இன்றளவும் வழக்காடப்படுகின்றது. புகழ்ந்தவர் பெயரும், பதிந்தவர் பெயரும், விற்றவர் பெயரும் உலகறிய நிற்க, அத்தொகுதிகளின் குதிரைகளைச் செதுக்கியவர் யார் என்று கேட்பார் மிகச் சிலரே. கொழுந்து கொய்யும் கையைப் பற்றி மேலே கூறியது ஈண்டும் பொருந்தும்.

குதிரையைத் தனியே குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. கையாற் செய்தது என்று கூறப்படும் மரக்காய்த் தொகுதியொன்றிலே, கை மெய்யாகவே தனித்து நின்று வேலை செய்த இடம் குதிரை ஒன்றே. அரசன், இராணி, மந்திரி, கோட்டை, காலாள் யாவும் கடைச்சல் இயந்திரத்திற் சுழன்று உருவானவை. சுழலும் கட்டையிலே உளியை அழுத்துவதும் ஒரு திறமையே. எட்டுக் காலாட்களை ஓரளவாகக் கடைதல் எளிதன்று. மதிலின் இடைவெளியையும் முடியின் பற்களையும் அறுப்பதும் கைதான். எனினும் அவ்வேலையிலே வட்டம் என்னும் ஒழுங்கு கைக்குத் துணை நிற்கின்றது. குதிரைக்கு அத்துணை இல்லை. அதன் தலை வட்டத்துள் அடங்காதது. முன்னும் பின்னும் ஒவ்வாதது. ஆகவே தலையை வேறாகச் செதுக்கி, கடைந்த அடியின் மேற் பொருத்துவது வழக்கம்.

இக்கைத்தொழிலுக்கு இன்று உலகத்திற் பேர்பெற்ற நகரம் பஞ்சாபிலுள்ள அமிர்தசரஸ். முற்காலத்தில் அங்குள்ள சிற்பிகள் தந்தத்திலே கைபழகியவர்கள். தந்த வாணிபத்தை இந்தியச் சட்டம் படிப்படியாகத் தடுத்தபின், மரமும் ஒட்டக எலும்புமே அவர்களுக்குரிய பொருளாயின. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உயர்ந்த விலைக்கு விற்கப்படும் ஸ்டான்டன் தொகுதிகள் பலவும் அங்கே உருப்பெறுவன. பட்டறைகளில் தொழிற்பிரிவு உண்டு: கடைபவர் வேறு, மெருகிடுபவர் வேறு, குதிரை செதுக்குபவர் வேறு. குதிரை செதுக்குவோர் மற்றவரிலும் அருமையானவர். உயர்ந்த வகைக் குதிரைத் தலையொன்று உளியிலும் அரத்திலுமாகப் பல மணி நேர வேலையை விழுங்கிவிடும். தொகுதியின் விலையை ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாலும் அந்நான்கு தலைகளே. பட்டியலில் அரசனின் உயரத்தைக் கண்டு விலை மதிப்பவர் பிழையான காயைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

நல்ல குதிரை எது? ஸ்டான்டன் குதிரைக்கு மூலம், பிரித்தானிய அரும்பொருளகத்திலுள்ள பார்த்தினன் சிற்பங்களிலே நிலவுத் தெய்வத்தின் தேர் இழுக்கும் குதிரை என்பர். அக்கற்குதிரையின் சிறப்பு அதன் களைப்பு; இரவு முழுதும் ஓடி ஓய்ந்த விலங்கின் திறந்த வாயும் விரிந்த நாசியும் அதிலே தெரியும். விலையுயர்ந்த மரக்குதிரைகளிற் பல இக்களைப்பை மறந்துவிட்டுச் சீற்றத்தைப் பிடித்துக்கொண்டன. பற்களை எண்ணலாம், பிடரி மயிரைத் தனித்தனியே பிரிக்கலாம், செவிகள் ஈட்டிமுனை போல் எழுந்து நிற்கும். நுணுக்கம் மிகுதியாவதைக் கைத்திறத்தின் அளவாகக் கொள்ளும் சந்தை விளைத்த குறை இது. மரத்தின் இயல்பும் இதற்கு மாறானது. காயிலே மரத்தின் இழை மேல்நோக்கி ஓடுகின்றது. முன்னோக்கி நீளும் மூக்கிலே அவ்விழை குறுக்காக வெட்டுப்பட்டு வலுக் குன்றுகின்றது. ஒல்லியாக எழும் செவியும் அவ்வாறே. பெட்டிக்குள் ஒன்றோடொன்று முட்டும்போது முதலில் உடைவன இவையே. ஆதலின் செவியைப் பின்னே படிய வைத்து, வாயை ஆழமாகக் குடையாது நிழலளவிற் காட்டி, கழுத்தின் வளைவிலே உயிரைத் தேக்கிய குதிரையே சிறந்தது. விரல் பற்றுவது கழுத்தை. ஆட்டக்காரனின் விரலும் சிற்பியின் உளியும் கூடும் இடம் அதுவாகும்.

இனி மரம். மேனாட்டு உயர்ந்த தொகுதிகளின் வெள்ளைப் பக்கம் பொக்ஸ் என்னும் மரத்தாலானது. மரம் என்று கூறினாலும், ஐரோப்பியத் தோட்டங்களிலே கத்தரித்து வேலியாக வளர்க்கப்படும் செடியே அது. மிக மெல்ல வளர்வதால் அதன் இழை நெருங்கி, உளிக்கு இணங்கி, மெருகை ஏற்கின்றது. சதுரங்கக் காய்க்குப் பெருமரம் வேண்டியதில்லை என்பதும் கருதத்தக்கது. அரசனின் அடியே இரண்டு அங்குலத்துக்குக் குறைவு. கவ்வாத்துச் செய்து இடுப்பளவிலே நிறுத்தி வைத்த, பல்லாண்டு வயதுடைய இன்னொரு செடி வட்டகொடை மலைகளெங்கும் நிற்கின்றது. மறுநடுகைக்காகப் பிடுங்கிய பழந்தேயிலையின் அடிக்கட்டை கனமும் உறுதியும் உடையது. அதனாற் கைத்தடியும் சிறு மேசைக்கு அடியும் செய்வதுண்டு. காய் செய்தற்கு அது உதவாதா என்னும் எண்ணம் எழுதல் இயல்பு. தடை மரத்தின் தன்மையில் அன்று, அதன் வரலாற்றில் இருக்கின்றது: கவ்வாத்தின் வெட்டுவாய் வழியாக உள்ளே இறங்கும் உக்கல் பழஞ்செடிகளின் நடுவைப் பெரும்பாலும் தின்றுவிடும், கோணலும் முடிச்சும் மிகுதி. காலாளும் குதிரைத் தலையும் செய்யத் துண்டு தேறலாம்; முழுத் தொகுதி தேறுவது பொறுக்கியெடுப்பவரின் பொறுமையைப் பொறுத்தது.

கறுப்புப் பக்கத்துக்குரிய மரம் இலங்கையினது என்பதைப் பலர் கருதுவதில்லை. நீரில் அமிழும் கனமும், சாயமின்றியே கரிய வைரமும் உடைய கருங்காலி இந்நாட்டு உலர்வலயக் காட்டுக்கு உரியது. அதே காட்டிலே வளரும் முதிரை, பட்டுப் போல் மின்னும் மங்கிய பொன்னிறத்தது. கனத்திலும் கருங்காலிக்குப் பெரிதும் பின்தங்காதது. ஒரு காட்டின் இரு மரங்கள் இருபுறத்துப் படையாகும் பொருத்தம் வேறு நாடுகளுக்கு எளிதில் வாய்ப்பதன்று. 19ஆம் நூற்றாண்டிற் காலிப் பகுதியின் கைவினைஞர் இந்நாட்டு மரவகைகளைத் துண்டு துண்டாகப் பதித்து மேசைகளும் பெட்டிகளும் செய்து கப்பலேற்றினர். சதுரங்கக் கட்டம் பதித்த மேசைகளும் அவற்றுள் உண்டு. பலகைக்குக் கிடைத்த அக்கவனம் காய்களுக்குக் கிடைக்கவில்லை போலும். இன்று கருங்காலியை வெட்டுவதும் கொண்டு செல்வதும் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. ஈட்டி, சீசம் முதலியன அடங்கிய தல்பேர்ஜியா இனம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வாணிப உடன்படிக்கையின் கண்காணிப்புக்குள் வந்துவிட்டது. எனவே கறுப்புக் காய்கள் பலவும் வெண்மரத்துக்குக் கரிய சாயம் ஊட்டியவை. அது குற்றமன்று. கருங்காலி என்று கூறி அதனை விற்பதே குற்றம். அடியில் ஒட்டிய துணியின் ஓரத்தைச் சற்றே தூக்கிப் பார்த்தாலும், ஒரே அளவான இரு காய்களைக் கையில் நிறுத்துப் பார்த்தாலும் பெரும்பாலும் உண்மை வெளிப்படும்.

அளவைப் பற்றிச் சம்மேளனத்தின் விதியே போதும்: அரசன் 9.5 சென்ரிமீற்றர் உயரம், அடியின் குறுக்களவு உயரத்தில் நூற்றுக்கு 40 முதல் 50 வரை, காலாளின் அடியைப் போல் இருமடங்கு கட்டத்தின் பக்கம். இதனின்றும் மிக விலகிய தொகுதி எவ்வளவு அழகாயினும் ஆட்டத்துக்கு நெருக்கடி தரும். கனத்துக்காக அடியிற் புதைக்கும் உலோகத்தில்தான் கவனம் வேண்டும். பழங்காலத் தொகுதிகளில் ஈயம் நாட்பட வெளுத்துப் பூத்து, பருத்து, அடியையே பிளந்துவிடுவதைச் சேகரிப்போர் நன்கறிவர். ஈரத்திலே இரும்பு துருவேறுவதும் அத்தகையதே.

வட்டகொடை போன்ற ஊருக்கு இது சிறு செய்தி அன்று. உலர்ந்த பஞ்சாபிலே பதப்பட்ட மரம், மழையும் மூடுபனியும் மாதக்கணக்கில் நிற்கும் மலைக்கு வரும்போது ஈரத்தைக் குடித்து உப்புகின்றது. பின்னர் வெயிலிலோ அடுப்பங்கரையிலோ வைத்தால் வெடிக்கின்றது. இவ்விடரிலே கருங்காலி மிகவும் இடர்ப்படுவது. பொக்ஸ் மரம் ஓரளவு தாங்கும். அடித்துணியிற் பூஞ்சணம் பற்றும். பெட்டியை மூடியே வைத்துப் பேணுவதிலும், அடிக்கடி எடுத்து ஆடி, துடைத்து வைப்பதே காய்க்கு நன்று. பலகைக்கு முழுமரத்தைக் காட்டிலும் ஒட்டுப் பலகையின் மேற் பதித்த மெல்லோடு சிறந்தது. தேயிலைப் பெட்டிகள் முன்னாளில் ஒட்டுப் பலகையால் ஆயின. இழையை மாறிமாறிக் குறுக்கே ஒட்டிய பலகை எளிதிற் கோணாது என்பதைத் தோட்டத்தார் எவரும் அறிவர்.

பாடசாலையொன்றில் முப்பது மாணவர் ஆடக் காத்திருக்கையில் ஒரேயொரு மரத்தொகுதிக்குப் பணத்தைச் செலவிடுதல் தகுமா என்னும் வினாவும் உண்டு. தகாது. அம்முப்பதின்மருக்கு வேண்டுவன விதிப்படி அளவமைந்த பிளாஸ்டிக் தொகுதிகள் பதினைந்து. 2024இல் சிங்கப்பூரிலே உலகப் பட்டம் வென்ற சென்னை இளைஞர் குகேஷின் தலைமுறை, கணினித் திரையிலும் ஆடிப் பழகிய தலைமுறை. மரக்காய் வல்லமையைத் தருவதில்லை. அது தருவது வேறு: கையில் எடுத்த காயை வைக்குமுன் ஒரு கணம் தயங்க வைக்கும் கனம், நெடுநாள் ஆடியவர் கைபட்டு மெருகேறிய கழுத்து, தன்னைச் செய்தவன் ஒருவன் இருந்தான் என்னும் அறிவு. அவ்வளவுக்கு மட்டுமே பணம் கொடுத்தல் முறை. அவ்வளவும் இல்லாத மரக்காய்க்குக் கொடுப்பது வீண்.

இருக்கின்றதா என்று அறிதற்குக் கடைக்காரரின் சான்றிதழ் வேண்டியதில்லை. தொகுதியின் நான்கு குதிரைகளையும் மேசையின் மேல் ஒரே திசை நோக்கி நிறுத்திப் பார்த்தல் போதும். இயந்திரம் செதுக்கியவை நான்கும் ஒரே முகமாக நிற்கும். கை செதுக்கியவற்றுள் ஒன்றன் செவி மற்றதினும் சற்றே சாய்ந்திருக்கும். ஒன்றன் கண் சிறிது தாழ்ந்திருக்கும். நான்காவதிலே உளி சற்று ஆழ்ந்து, கடைவாயில் ஒரு கீற்று மிகுந்திருக்கும்.